கூண்டைத் திறந்து விடாத பறவைக் கதை ஏதாவது இருக்கிறதா?

மேலூர் வாசகி:

என் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் இருக்கிறது, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். ராத்திரி கதை கேட்காமல் தூங்க மாட்டாள். இப்போதைக்குப் பறவைக் கதைதான் வேண்டுமாம், அதுவும் வீட்டில் வளர்க்கிற பறவையாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த கதையெல்லாம் ஒரே இடத்தில் போய் முடிகிறது: பாப்பா கூண்டைத் திறக்கிறாள், கிளி பறந்து போகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

போன வாரம் பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறிக் கூண்டுக் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அதுங்க அம்மாகிட்ட போகட்டும்மா" என்றாள். நல்லவேளை, நான் அங்கேயே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திட்ட மனசு வரவில்லை. கதையில் வருகிற பாப்பா செய்தால் நல்லவள், இவள் செய்தால் தப்பா?

வேறு மாதிரி கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் அரக்கன் உயிர் இருக்கும் கதை மட்டும் வேண்டாம். கிளியின் கழுத்தைத் திருகும் இடம் வந்ததும் இவள் அரக்கன் கட்சிக்குப் போய்விட்டாள்.

தினைக்கதிர்:

எனக்குக் கதை வராது, பறவை தெரியும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர். பூர்வீகம் ஆஸ்திரேலியா. 1840இல் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்புறம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகியது. காட்டில் இருப்பதற்குப் பச்சை உடம்பு, மஞ்சள் முகம். உங்கள் வீட்டு நீலமும் முழு மஞ்சளும் வளர்ப்பில் வந்த நிறங்கள். வெளியே விட்டால் இரை தேடத் தெரியாது, காக்கைதான் முதல் ஆளாக வரும். "அதுங்க அம்மா கலர்மீன் கடையில தொங்குற மண்பானைக்குள்ள இருக்கு" என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். அநேகமாக அது உண்மையும்கூட.

பச்சைக்கிளி என்றால் பேச்சே வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். திறந்துவிடும் கதைகள் கிளிக்குப் பொருந்தும், உங்கள் ஜோடிக்குப் பொருந்தாது.

நூலக ஜன்னல்:

பாரசீகக் கவிஞர் ரூமி சொன்ன வியாபாரி கதையைச் சொல்லிப் பாருங்கள். வியாபாரி இந்தியாவுக்குப் புறப்படுகிறான். அவனுடைய கூண்டுக்கிளி, "அங்கே என் இனத்தைப் பார்த்தால் நான் அடைபட்டிருப்பதைச் சொல்" என்கிறது. அவன் சொன்னதும் இங்கே ஒரு கிளி பொத்தென்று விழுகிறது. ஊர் திரும்பி நடந்ததைச் சொல்கிறான், அவன் கிளியும் விழுகிறது. செத்துவிட்டது என்று வெளியே எடுத்துப் போட்டால் கிளைக்குப் பறந்துவிடுகிறது. இந்தியக் கிளி சொல்லி அனுப்பியது யோசனை! பிள்ளைகள் அங்கே சிரித்துவிடுவார்கள்.

தாகூரின் கிளிக்கதை வேண்டாம். ராஜா கிளியைப் படிக்க வைக்கத் தங்கக்கூண்டு செய்து, வாயில் ஏட்டைத் திணித்தே சாகடிக்கிற கதை அது. ட்யூஷன் அனுப்பும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது.

மேலூர் வாசகி:

ரூமியின் கிளியும் பறந்துதானே போகிறது! இவள் என் லவ் பேர்ட்ஸுக்குச் செத்த மாதிரி நடிக்கச் சொல்லிக்கொடுப்பாள்.

மொட்டைமாடி:

நான் வடசென்னைத் தாத்தா. சின்ன வயசிலிருந்து மாடியில் புறா. அம்மா, கிளியை விட்டுவிட்டுப் புறாக் கதைக்கு வாருங்கள். கிளிக் கதையில் கூண்டு மூடியிருந்தால் பாவம், திறந்தால் போச்சு. புறா அப்படியில்லை. தினமும் கதவைத் திறக்கிறோம், அது போய்விட்டு வருகிறது. இன்றைக்கு வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கதையே.

ஹோமர் என்றால் தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் புறா வகை. எங்கள் வீட்டுச் சாம்பல் ஹோமருக்கு என் பேரன் வைத்த பெயர் கலெக்டர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற நடை அப்படி. முட்டை இரண்டுதான் இருக்கும். ராத்திரி முழுக்கப் பெட்டை அடைகாக்கும். காலையில் வெயில் ஏறியதும் கலெக்டர் போய்ப் பக்கத்தில் நிற்பார், பெட்டை எழுந்து இரைக்குப் போகும், சாயங்காலம் வரை இவருக்கு டியூட்டி. பதினெட்டு நாள் வாக்கில் குஞ்சு பொரியும். அப்புறம் தாய் தகப்பன் இரண்டுக்கும் தொண்டைப் பையில் தயிர் மாதிரிப் பால் ஊறும், குஞ்சு அலகை உள்ளே விட்டுக் குடிக்கும். "அப்பாவுக்குக்கூடப் பால் வருமா தாத்தா?" என்று கேட்டுவிட்டு, பேரன் அவன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான். என் மகன் அன்றைக்கு மாடிப் பக்கமே வரவில்லை.

சாகசம் வேண்டுமென்றால் ஒடிசா போலீஸ் புறாக்கள் இருக்கின்றன. 1946இல் ராணுவம் கொடுத்த புறாக்களை வைத்து ஆரம்பித்தார்கள். 1999 பெரும்புயலில் தகவல் தொடர்பு அறுந்து கிடந்தபோது காலில் சீட்டுக் கட்டிப் பறந்தவை அவை. கதை சொல்கிறபோது சீட்டில் என்ன எழுதியிருக்கும் என்று பாப்பாவையே சொல்லச் சொல்லுங்கள்.

நூலக ஜன்னல்:

தாத்தா சொன்னதும்தான் ஞாபகம் வந்தது. தன் கோபால் முகர்ஜி 1927இல் ஆங்கிலத்தில் எழுதிய சிறுவர் நூல், கல்கத்தாப் பையன் வளர்த்த புறாவின் கதை. அது முதல் உலகப்போர் முனைவரை போய்த் திரும்பி வருகிறது. 1928இல் அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் வாங்கியது. போர் வரும் பகுதியைப் பெரிய வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூர் வாசகி:

நேற்று கலெக்டர் கதையைச் சொன்னேன். பெயரை மாற்றக் கூடாது என்று உத்தரவு. அவளுடைய கேள்வி: பெட்டை வரத் தாமதமானால் கலெக்டர் எழுந்து போய்விடுவாரா? அப்புறம், புறா வாங்கித் தரச் சொல்கிறாள். வாடகை வீடு, பால்கனி மட்டும்தான்.

மொட்டைமாடி:

வாங்காதீர்கள். வளர்ந்த ஹோமரை வாங்கினால் திறந்துவிட்ட அன்றே பழைய வீட்டுக்குப் போய்விடும். குஞ்சாக வாங்கிப் பழக்கினால் நிற்கும், ஆனால் எச்சத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் உங்களைத்தான் திறந்துவிடுவார்.

கலெக்டர் போக மாட்டார். பெட்டை வருகிற வரை முட்டை மேலேயேதான் உட்கார்ந்திருப்பார். ரொம்ப நேரமானால் குமுறுவார், நான் பக்கத்தில் போனால் இறக்கையால் ஓர் அடி போடுவார். அந்த அடியையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.