கடைக்குத் தமிழில் ஒரு முகவரி
குழு: விளக்குக்காரர் வீடு, நாச்சியார்கோயில்

செல்வி: பெரியப்பா, குமார் அண்ணா, கார்த்திகை விற்பனை சூடுபிடிப்பதற்குள் ஒரு காரியம் முடித்துவிடலாம். கடைக்குத் தமிழில் ஒரு இணைய முகவரி வாங்க வேண்டும். டாட் காம், டாட் இன் இருப்பதுபோல ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் முகவரி இருக்கிறது. புள்ளிக்கு முன்னால் வரும் பெயரும் தமிழில்தான் இருக்கும்.

குமார்: நமக்குத்தான் டாட் இன் இருக்கிறதே செல்வி. அதையே யாரும் திறப்பதில்லை. எல்லாரும் ‘வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள்.

செல்வி: அந்த முகவரியை வாயால் சொல்ல முடிவதில்லை அண்ணா, அதனால்தான். மதுரையிலிருந்து ஒரு அம்மா ஐந்து முக விளக்கு கேட்டுப் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ‘வி ஏ என் ஜே யு எல் ஏ, மறுபடி வி ஏ, டபுள் எல் ஐ’ என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர் ‘தம்பி, படமே அனுப்பிவிடுங்கள்’ என்றார். ‘வஞ்சுளவல்லி டாட் இந்தியா, எல்லாம் தமிழில்’ என்று சொல்லியிருந்தால் ஒரே மூச்சில் முடிந்திருக்கும். தமிழ் படித்தவர் யாரும் அந்தப் பெயரைத் தப்பாக அடிக்க மாட்டார்கள்.

மீனா அத்தை: எனக்கு ஒரு சந்தேகம். தெரியாத லிங்க் எதையும் தொடாதீர்கள் என்று நீதானே எங்களுக்குச் சொல்லி வைத்தாய்? இப்படிப் பார்த்தே இராத முடிவோடு ஒன்று வந்தால் நானே திறக்க மாட்டேன். வாடிக்கையாளர் மட்டும் எப்படித் திறப்பார்?

செல்வி: கேட்க வேண்டிய கேள்விதான் அத்தை. ‘.இந்தியா’வை யாரோ ஒரு தனியார் ஆரம்பித்து விற்கவில்லை. டாட் இன்னை நடத்தும் நிக்ஸி என்ற அரசு சார்ந்த அமைப்புதான் இதையும் நடத்துகிறது. 2011-லேயே உலக இணையப் பெயர்ப் பட்டியலில் இது சேர்ந்துவிட்டது.

செல்வி: அப்புறம் இன்னொன்று. உங்கள் வங்கியின் முகவரி மாறியிருக்கிறதே, கவனித்தீர்களா? வங்கிகளுக்கென்று ‘பேங்க்.இன்’ என்று தனி முடிவு வருகிறது என 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கியும் அதற்கு மாறச் சொன்னது. வங்கியாக இல்லாதவர் அந்த முடிவை வாங்க முடியாது. புது முடிவு வந்தாலே மோசடி என்பதில்லை அத்தை. முடிவைப் பார்த்துத்தான் நல்லது கெட்டது தெரிந்துகொள்ள வேண்டும்.

மீனா அத்தை: எப்படிப் பார்ப்பது? அதைச் சொல்லு.

செல்வி: முகவரியின் தொடக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ் என்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் வரும் இரண்டு சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உண்மையான முடிவு. ‘பேங்க்.இன்’ நடுவில் வந்து, அதற்குப் பிறகு வேறு ஏதோ பெயரும் டாட் காமும் வந்து முடிந்தால் அது வங்கி இல்லை. நம் கடை முகவரியையும் வாடிக்கையாளர் இப்படித்தான் சரிபார்க்க வேண்டும்.

ரவி சித்தப்பா: இங்கே ‘.சிங்கப்பூர்’ இருக்கிறது, இலங்கைக்கு ‘.இலங்கை’ இருக்கிறது. ஆக, தமிழில் மூன்று நாட்டு முடிவுகள். ஆனால் சிராங்கூன் ரோட்டில் பெயர்ப்பலகையெல்லாம் தமிழில் இருக்கும், கீழே முகவரி மட்டும் டாட் எஸ்ஜி. நம் ஆட்களே எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

செல்வி: எனக்கும் அந்த வருத்தம்தான் சித்தப்பா. டாட் இன் கதையும் முதலில் இப்படித்தான் இருந்தது. 2005 ஜனவரியில்தான் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதுவரை மொத்தமே சில ஆயிரம் பெயர்கள்தான் பதிவாகியிருந்தன. இன்று பல லட்சம். முதலில் வந்தவர்களுக்கு ஊர்ப் பெயர், தொழிற்பெயர் எல்லாம் சுருக்கமாகக் கிடைத்தன. பின்னால் வந்தவர்கள் எண்ணும் கோடும் சேர்த்துத் திருப்திப்பட வேண்டியதாயிற்று. தமிழில் இன்னும் நல்ல பெயர்கள் காலியாக இருக்கின்றன. முதலில் கேட்பவருக்கு முதலில் கிடைக்கும்.

பெரியப்பா: எல்லாம் படித்தேன். செலவு எவ்வளவு? யார் பேரில் வாங்குவது? முன்னால் டாட் இன் செய்துகொடுத்த பையன் இப்போது போனே எடுப்பதில்லை.

செல்வி: பெரியப்பா, முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன், அதுதான் முக்கியம். அந்தப் பையன் டாட் இன்னைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் எடுத்து வைத்திருக்கிறார். பணம் நாம் கட்டினாலும் பதிவேட்டில் சொந்தக்காரர் அவர்தான். புதுப்பிக்கும் நாளை அவர் மறந்தால் அந்தப் பெயர் சந்தைக்குப் போய்விடும். கைவிட்ட பெயரை வாங்கிச் சூதாட்டத் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பழைய பில்லில் இருக்கும் முகவரியை ஒருவர் திறந்து அங்கே சீட்டு விளையாட்டைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதனால் புது முகவரி உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில், கடை மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடவுச்சொல் உங்களிடமும் அண்ணனிடமும் மட்டும் இருக்கட்டும். என்னிடம்கூட வேண்டாம்.

பெரியப்பா: கடைப் பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிற மாதிரி. சரி.

செல்வி: செலவு வருடத்துக்குச் சில நூறு ரூபாய், விற்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முதல் வருடத்துக்குக் குறைத்துப் போட்டு அடுத்த வருடம் ஏற்றுவார்கள். ஆகவே புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் நிம்மதி.

குமார்: அப்படியானால் இன்னொரு வெப்சைட் செய்ய வேண்டுமா? படம் எடுக்கவே ஆள் இல்லை.

செல்வி: வேண்டாம் அண்ணா. இருக்கிற தளத்துக்கே தமிழ் முகவரியைத் திருப்பிவிடலாம். யார் எதை அடித்தாலும் ஒரே இடத்துக்கு வருவார்கள். ஆனால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப் பெயருக்கும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டும், மீனா அத்தை மாதிரி எல்லாரும் ஓடிவிடுவார்கள்.

பாலா: அக்கா, பேர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். விசித்திரமாக ஒன்று நடக்கிறது. நான் அடித்தது: ஸ்ரீவஞ்சுளவல்லி. பெரியப்பா எனக்கு அனுப்பியது: ஶ்ரீவஞ்சுளவல்லி. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது. ஆனால் இணையம் இரண்டையும் வேறு வேறு பெயர் என்கிறது.

செல்வி: நல்லவேளை, இப்போதே பார்த்தாய் பாலா. உள்ளே இணையத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் எக்ஸ் என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஒரு ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் தேடும். அதற்குப் புனிகோடு என்று பெயர். ஸ்ரீ என்பதைச் சில கீபோர்டுகள் ஸ், ரீ என்று சேர்க்கும். 2005-ல் யூனிகோடு என்ற கணினி எழுத்துப் பட்டியலில் ஶ என்று தனி எழுத்து வந்தது. அதற்குப் பிறகு சில கீபோர்டுகள் ஶ், ரீ என்று சேர்க்கின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பதிவில் எதை ஏற்பார்கள் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், வாடிக்கையாளர் எந்தக் கீபோர்டு வைத்திருப்பார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

மீனா அத்தை: ஔ-வுக்கும் இந்தத் தொல்லை வருமே. ஔவை என்று எழுதச் சொன்னால் ஒ போட்டுப் பக்கத்தில் ள போடுகிறவர்களை எத்தனை வருடம் திருத்தியிருக்கிறேன்.

செல்வி: சரியாகப் பிடித்தீர்கள் அத்தை. அதேதான். அதனால் முகவரியில் ஸ்ரீ வேண்டாம், ‘வஞ்சுளவல்லி’ மட்டும் போதும்.

பெரியப்பா: கோயில் தாயார் பேருக்கு முன்னால் ஸ்ரீ இல்லாமல் எப்படி? உங்கள் தாத்தா வைத்த பேர்.

செல்வி: பலகையில், பில்லில், பையில் ஸ்ரீ அப்படியே இருக்கும் பெரியப்பா. ஒரு எழுத்தும் குறையாது. கடைக்கு வழிகாட்டும் முகவரியில் மட்டும்தான் விடுகிறோம். வழி கேட்டு வருகிறவர் தவறிப்போகக் கூடாது.

பெரியப்பா: பலகையில் இருக்குமென்றால் சரி.

குமார்: பேரோடு குத்துவிளக்குப் பாத்திரக்கடை என்றும் சேர்க்கலாமே. என்ன விற்கிறோம் என்று தெரியும்.

செல்வி: வேண்டாம் அண்ணா. புனிகோடாக மாறிய பிறகு ஒரு பெயர் 63 எழுத்தைத் தாண்டக் கூடாது. மாற்றும்போது நீளம் கூடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒற்று. இடைவெளி விட முடியாது. ‘விளக்குக்கடை’ என்று நாம் வாங்கினால் பாதிப் பேர் க் இல்லாமல் ‘விளக்குகடை’ என்று அடிப்பார்கள். இப்படி ஒற்று மிகும் இடமே இல்லாத ஒற்றைப் பெயர்தான் நல்லது.

மீனா அத்தை: இதை ஒத்துக்கொள்கிறேன், வருத்தத்தோடு.

ரவி சித்தப்பா: மின்னஞ்சலும் தமிழில் வைத்துக்கொள்ளலாமா?

செல்வி: வைக்கலாம் சித்தப்பா. அப்படிப்பட்ட முகவரிக்கு 2014 முதல் ஜிமெயிலிலிருந்தே அனுப்பலாம். ஆனால் பல அலுவலகப் படிவங்களில் தமிழ் மின்னஞ்சலைப் போட்டால் ‘தவறான முகவரி’ என்று தள்ளிவிடுகின்றன. ஜிஎஸ்டிக்கும் வங்கிக்கும் பழைய மின்னஞ்சலே இருக்கட்டும். முகவரி தமிழில், அஞ்சல் இப்போதைக்கு ஆங்கிலத்தில். இன்னொன்று, சில செயலிகளில் தமிழ் முகவரி நீல நிறமாக மாறாது, தொட்டால் திறக்காது. முன்னால் ஹெச்டிடிபிஎஸ் சேர்த்து அனுப்ப வேண்டும். சில இடங்களில் அந்த எக்ஸ் என் கோவையாகவே தெரியும். அதனால் பையில் க்யூஆர் படமும் பக்கத்தில் தமிழ் முகவரியும் சேர்த்து அச்சடிப்போம்.

செல்வி: குமார் அண்ணா, இதை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாச்சியார்கோயில் விளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் எங்கிருந்தோ வந்த விளக்கை நம் ஊர்ப் பெயர் சொல்லி இணையத்தில் விற்கிறார்கள். காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, வார்த்து, கடைசல் பிடித்து, மெருகு ஏற்றும் வேலையை நம் பட்டறையில் நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதைத் தமிழில் எழுதி, தமிழ் முகவரியில் நம் பெயரோடு வைத்தால், கல்யாணச் சீருக்கு விளக்கு தேடும் ஒரு அம்மா தன் போனில் தமிழில் தேடும்போது நம்மைக் கண்டுபிடிப்பார். அவர் நம்மிடம் வாங்காவிட்டாலும், நல்ல விளக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவார்.

குமார்: இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? விளக்கு உச்சியில் வரும் அன்னத்தை வார்க்கும் வீடியோ என்னிடம் இருக்கிறது. அப்பா மூட்டை மூட்டையாக மண் சலிக்கிற படமும் இருக்கிறது.

மீனா அத்தை: கடைக்கு மட்டும்தானா, எங்களைப் போன்றவர்களுக்கும் கொடுப்பார்களா? என் மார்கழிக் கோல நோட்டு முழுவதையும் பாலா போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்.

செல்வி: தாராளமாக அத்தை. கம்பெனி வேண்டாம், டிரேட்மார்க் வேண்டாம். உங்கள் பெயரிலேயே வாங்கலாம். புள்ளிக் கணக்கோடு போட்டு வைத்தால் அமெரிக்காவில் இருக்கும் பேத்தியும் பார்த்துப் போடுவாள். இந்த வருட மார்கழிக்கே தொடங்கலாம்.

மீனா அத்தை: என் பெயர் வேண்டாம். அம்மா பெயரில் வை. கோலம் அவள் கொடுத்தது.

பெரியப்பா: குமார், பில் புத்தகமும் துணிப்பையும் அச்சுக்குப் போயாயிற்றா?

குமார்: நாளைக்குக் காலையில் ஓட்டுவதாகச் சொன்னார்.

பெரியப்பா: இப்போதே போன் செய்து நிறுத்து. புது முகவரி வந்த பிறகு ஓட்டட்டும். பாலா, நீ கடைக்கு வா. பணம் கட்டிவிடலாம்.

பாலா: வந்துவிட்டேன் பெரியப்பா. ‘வஞ்சுளவல்லி’ காலியாக இருக்கிறது அக்கா, இப்போதுதான் பார்த்தேன்.

செல்வி: ஐந்து வருடம், பெரியப்பா பெயர், கடை மின்னஞ்சல். புதுப்பிக்கும் தேதியைக் கடைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

பெரியப்பா: என் போனுக்கு ஏதோ ஆறு எண் வந்திருக்கிறது. அந்த எண்

செல்வி: பெரியப்பா, குழுவில் போடாதீர்கள்! எனக்கும் வேண்டாம். பாலா திறந்து வைத்திருக்கும் பக்கத்தில் நீங்களே அடியுங்கள்.