கிராஃபிஷ் எட்டூஃபே: அந்த மஞ்சள் கொழுப்பைக் கழுவிவிடாதீர்கள்

கிராஃபிஷ் என்பது நன்னீரில் வாழும், சிங்கி இறால் போன்ற சிறு ஓட்டுயிரி. அதைப் போட்டு, சோற்றோடு சாப்பிட அமெரிக்காவின் தென் மாநிலமான லூசியானாவில் செய்யும் குழம்புதான் எட்டூஃபே.

நான்கு பேருக்கான அளவு: உரித்த கிராஃபிஷ் வால் 450 கிராம், வெண்ணெய் 110 கிராம், மைதா 4 மேசைக்கரண்டி, பெரிய வெங்காயம் 2, செலரி 2 தண்டு, பச்சைக் குடைமிளகாய் 1, பூண்டு 4 பல், உப்பில்லாத ஸ்டாக் (ஓடும் தலையும் வேகவைத்து வடித்த சாறு) அரை லிட்டர், பிரிஞ்சி இலை 1, கயேன் மிளகாய்த்தூள் கால் தேக்கரண்டி. கடைசியில் தூவ வெங்காயத்தாளும் பார்ஸ்லியும்.

அடிகனமான சட்டியில் வெண்ணெயை உருக்கி, மைதாவைக் கொட்டி, சிறு தீயில் கை விடாமல் கிளறுங்கள். பச்சை மாவு வாசம் போய், கடலை வறுக்கும் வாசம் வரும். நிறம் மணல் போல மாறும். 8 முதல் 10 நிமிடத்தில் அங்கே நிறுத்திவிட வேண்டும். நறுக்கிய காய்களை அப்போதே உள்ளே தள்ளினால் அவற்றின் ஈரமே சூட்டைத் தணித்து, ரூ (வெண்ணெயில் வறுத்த இந்த மாவு) மேலும் சிவக்காமல் பார்த்துக்கொள்ளும். பிறகு மூடி போட்டு 15 நிமிடம் புழுங்கவிடுங்கள், நடுநடுவே கிளறிவிட்டு. ‘எட்டூஃபே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே மூச்சுமுட்ட அடைத்தது என்றுதான் பொருள். காய் நிமிர்ந்து நிற்கும்போதே ஸ்டாக்கை ஊற்றிவிட்டால் செலரி கடைசிவரை நறுக்கு நறுக்கென்று தனியே நிற்கும்.

ஸ்டாக்கை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். ஒரு கரண்டி ஊற்றி, குழைத்து, அடுத்த கரண்டி. கட்டி தட்டாது. 20 நிமிடம் மெல்லக் கொதித்து, ஓரத்தில் வெண்ணெய் பிரிந்து மினுங்கினால் குழம்பு தயார்.

* * *

ரூ பற்றி ஒரு வார்த்தை. கம்போ என்னும் இன்னொரு லூசியானா குழம்புக்குச் செய்வதுபோல சாக்லேட் நிறம் வரை வறுப்பவர்கள் உண்டு. இதில் அது இரண்டு வகையில் கெடுக்கும். வெண்ணெயில் இருக்கும் பால் திப்பி அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். கறுத்த ரூவுக்கு எண்ணெய்தான் சரி. இன்னொன்று, மாவு எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவுக்கு அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். குழம்பு தண்ணியாகவே நிற்கும்.

லூசியானாவில் ரூவே இல்லாமல் செய்கிற வீடுகளும் இருக்கின்றன. வெண்ணெயில் காயை வதக்கி, வாலையும் கொழுப்பையும் போட்டு, கடைசியில் கார்ன்ஃப்ளார் கரைசல் ஒரு கரண்டி. எது அசல் என்ற சண்டை அங்கேயே தீரவில்லை, நாம் ஏன் போவானேன். தக்காளி மட்டும் வேண்டாம். விழுந்தால் க்ரியோல் (நியூ ஆர்லியன்ஸ் நகரப் பாணிச் சமையல்) வாசம் வந்துவிடும்.

* * *

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டில் வரும் வாலோடு மஞ்சளாக, நெய் உறைந்ததுபோல ஒட்டிக்கொண்டிருப்பது அழுக்கு இல்லை. கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் பார்க்கும் உறுப்பு அது. லூசியானாக்காரர்கள் கொழுப்பு என்பார்கள். ருசி முழுவதும் அதில்தான். இறாலை அலசும் பழக்கத்தில் குழாயடியில் காட்டினால் மிஞ்சுவது ரப்பர் துண்டு. பாக்கெட்டைக் காலி செய்ததும் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதையும் சட்டியில் சேருங்கள். இறக்குமதி பாக்கெட்டுகள் பல ஏற்கெனவே கழுவப்பட்டவை. லேபிளைப் படித்து வாங்குங்கள். கொழுப்போடு உள்ளதை ஃப்ரீசரில் மாதக்கணக்கில் தூங்கவிட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

பாக்கெட் வால் பாதி வெந்தே வரும். அதனால் அடுப்பை அணைக்கும் முன் 5 நிமிடம் போதும். 20 நிமிடம் கொதிக்கவிட்டால் சுருண்டு பட்டாணியாகிவிடும்.

* * *

உயிரோடு வாங்குகிறவர்களுக்கு: உரித்த வால் 450 கிராம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 3 கிலோ வாங்க வேண்டும். எடையில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் சதை. லூசியானாவில் நல்ல வரத்து மார்ச் முதல் மே வரை. உப்புத் தண்ணீரில் போட்டால் குடல் சுத்தமாகும் என்பது வெறும் நம்பிக்கை. நல்ல தண்ணீரில் மண் போக அலசினால் போதும். மசாலா எதுவும் போடாத கொதிநீரில் 4 நிமிடம் வைத்து எடுத்து, உடனே ஆறவைத்து உரியுங்கள். வெதுவெதுப்பாகக் கிடக்கவிட்டால் அந்தக் கொழுப்பில் உள்ள என்சைம்களே சதையைக் கரைத்துக் குழகுழப்பாக்கிவிடும். வாலைத் திருகிப் பிரித்து, முதல் இரண்டு வளையத்தைக் கழற்றி, நுனியை அழுத்தி இழுத்தால் சதை முழுசாக வரும். தலைக்குள் விரலை விட்டு மஞ்சளை வழித்தெடுங்கள்.

* * *

கிராஃபிஷ் கிடைக்காத ஊரில் இறால் போதும், அதுவும் லூசியானாவில் நடைமுறைதான். தலையோடு வாங்குங்கள். ஓட்டையும் தலையையும் வெண்ணெயில் சிவக்க வதக்கி, 750 மில்லி தண்ணீரில் 25 நிமிடம் கொதிக்கவிட்டு, நசுக்கி வடித்தால் ஸ்டாக். பச்சை இறால் என்பதால் கடைசி 4 நிமிடத்தில் போடுங்கள்.

கடையில் வாங்கும் கேஜன் மசாலாவில் (லூசியானா பாணிக் காரப்பொடி) பெரும்பாலும் உப்புதான் முதல் சரக்கு. அதைப் போட்டால் தனி உப்பைக் கடைசிவரை தொடாதீர்கள். சோறு உதிரியாக, வாசனை இல்லாததாக இருக்கட்டும். பாஸ்மதி போட்டிக்கு வரும், பொன்னி ஒத்துப்போகும். மீந்ததை மறுநாள் சூடாக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள், கொதிக்க விட்டால் வெண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கும்.