ஜூன்டீன்த் பூங்கா ஆட்டம்: பீட் அறுந்துபோகாமல் இருக்க

ஜூன்டீன்த் என்பது அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அடிமைத்தளை முடிந்ததைக் கொண்டாடும் ஜூன் 19. அன்று பூங்காவில் ஆட்டம் நடத்துபவர்களுக்கு நால்வர் சொல்வது இது.

ஒலி அமைப்பவர்

திறந்தவெளியில் ஹவுஸ் இசை (விடாத பீட்டில் ஓடும் நடன இசை) வைப்பவர்களை முதலில் ஏமாற்றுவது பேஸ்தான். சத்தத்தைத் திருப்பித் தர அங்கே சுவர் இல்லை. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போய்விடும். உடனே இடப்பக்கம் ஒரு சப்வூஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர் பெட்டி), வலப்பக்கம் ஒன்று என்று பிரித்து வைத்து வால்யூமை ஏற்றுகிறார்கள். அங்கேதான் தவறு. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். கேட்பவருக்கு ஒரு பெட்டியைவிட இன்னொன்று மூன்றரை மீட்டர் தூரமாகிவிடும் இடத்தில் இரண்டு அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நிற்பவருக்கு நெஞ்சு அதிரும். சில மீட்டர் தள்ளி ஆடும் பாட்டிக்கு, பீட்டைத் தட்டும் கிக் டிரம்மே கேட்காது. இரண்டையும் ஒட்டி, தரையில், நடுவில் வையுங்கள்.

ஜெனரேட்டர் இன்வெர்ட்டர் வகையாக இருக்கட்டும். திறனில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு கிக்குக்கும் ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) சட்டென்று மின்சாரம் இழுக்கும். திறன் போதாவிட்டால் வோல்டேஜ் இறங்கி எல்லாம் அணைந்துவிடும். டிஜே மேசையும் ஆம்பும் ஒரே மின் மூலத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரீங்காரம் விடாது.

இசைத்தட்டு போடுபவர்

மேலே சொன்னதோடு ஒன்று: சப்வூஃபர் நிற்கும் பலகையிலேயே, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். அதிர்வு ஊசிக்கு ஏறி, ஊசியிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், ஊளையிடத் தொடங்கும். தனி மேசை, அதன்மேல் தடித்த ஃபோம், ஃபோமின்மேல் கனமான சிமென்ட் பலகை, அதன்மேல் டர்ன்டேபிள். மேலே நிழல் கட்டாயம். ஜூன் வெயிலில் மூடாமல் கிடக்கும் தட்டு கொஞ்ச நேரத்திலேயே வளைந்துவிடும்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளின் வேகக்கட்டை இரண்டு பக்கமும் 8 சதவீதம்தான் போகும். நிமிடத்துக்கு 118 பீட் உள்ள பாட்டை 126-க்கு ஏற்ற முடியும், ஆனால் பாடகியின் குரலும் மெலிந்து மேலே போகும். 118-லிருந்து 126-க்கு மூன்று நான்கு பாட்டில் படியேறுவது நல்லது.

பீட்டை அறுக்காமல் ஒரு பாட்டை அடுத்ததில் கரைப்பதுதான் இந்த இசையின் உயிர். 1977-ல் சிகாகோவில், 206 தெற்கு ஜெஃபர்சன் தெருவில் திறந்த ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் அதைத்தான் செய்தார். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்தது. வெளியே பல கதவுகள் சாத்தப்பட்டிருந்த கறுப்பின, லத்தீன், தன்பாலின இளைஞர்கள் விடிய விடிய ஆடிய இடம் அது. பாட்டுக்கு நடுவே விழும் மௌனம் அந்த ஆட்டத்துக்குச் செய்யும் அவமரியாதை.

ஆட்டம் கற்றுத் தருபவர்

எலெக்ட்ரிக் ஸ்லைடு (வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடி போடும் ஆட்டம்) வந்ததும் ஆறு வயதுப் பிள்ளை முதல் எண்பது வயதுப் பெரியம்மா வரை தரைக்கு வந்துவிடுவார்கள். எண்ணிக்கை 18: வலம் 4, இடம் 4, பின்னால் 4, முன்னும் பின்னும் சாய்ந்து 4, கடைசி 2-ல் காலெடுத்து வைத்து 90 டிகிரி திரும்புதல். பாட்டோ 32 பீட்டாக நகர்கிறது. அதனால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பாட்டு புதிதாகத் தொடங்கும் இடத்தில் தாங்கள் தவறிவிட்டதாக நினைத்து நின்றுவிடுவார்கள். நிற்க வேண்டாம். 16 முறை ஆடினால் 288 பீட் ஆகும், அப்போது இரண்டும் தானே சந்திக்கும். 120 வேகத்தில் அது 2 நிமிடம் 24 விநாடி.

ஒவ்வொரு சுற்றிலும் முன்வரிசை பக்கவரிசையாகிவிடும். தெரிந்தவர்களை முன்னால் மட்டும் நிறுத்தாமல் நான்கு மூலையிலும் நிறுத்துங்கள்.

புல்லில் திரும்பினால் பாதம் மாட்டி முழங்கால் முறுக்கும். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், 4-க்கு 8 அடிப் பலகை 12 இருந்தால் 384 சதுர அடி கிடைக்கும். இணைப்புகளில் டேப் ஒட்டுங்கள்.

ஏற்பாட்டாளர்

பூங்கா அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் பல ஊர்களில் தனித்தனி. இரண்டையும் முன்கூட்டியே வாங்குங்கள். இடம் சின்ன விஷயம் இல்லை. 1872-ல் டெக்சஸின் ஹூஸ்டனில் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்களே காசு சேர்த்து, இந்த நாளைக் கொண்டாட 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். இன்றும் அது எமான்சிபேஷன் பார்க்.

1865 ஜூன் 19-ல் டெக்சஸின் கால்வெஸ்டனில் அடிமைகள் எல்லோரும் விடுதலை என்று அறிவித்த பொது ஆணை எண் 3-ஐ வாசிப்பதாக இருந்தால், மைக்கானது ஸ்பீக்கர் வரிசைக்குப் பின்னால் நிற்கட்டும், முன்னால் வந்தால் ஊளையிடும். மிக்சரில் அந்த மைக்கின் சானலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள். வாசிப்பவர் கடைசிச் சொல்லை முடிக்கும்போது முதல் தட்டு ஏற்கெனவே ஹெட்போனில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.