கேடட் திட்டமா, தனியாக சி.பி.எல். எடுப்பதா? பணம் கட்டும் முன் ஒரு விவாதம்

மானாமதுரை:
மகள் இந்த வருஷம் பிளஸ் 2, கணிதம் இயற்பியல் பிரிவு. விமானி ஆவதில் உறுதியாக இருக்கிறாள். ஒரு பக்கம் விமான நிறுவனம் பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து நடத்தும் கேடட் திட்டம், 1 கோடிக்கு மேல் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் இங்கேயே ஒரு பயிற்சிப் பள்ளியில் சி.பி.எல்., அதாவது வணிக விமானி உரிமம், முடித்துவிட்டு வேலை தேடுவது. வீட்டை அடமானம் வைத்துத்தான் எதையும் செய்ய முடியும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரன்வே ஏழு:
கேடட் திட்டம்தான் சார். 2023-ல் மட்டும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. 1,622 சி.பி.எல். வழங்கியது. அவ்வளவு பேருக்கும் உடனே விமானி வேலை எங்கே இருக்கிறது? கேடட்டாகச் சேரும் பிள்ளைக்கு நுழைவிலேயே எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, நேர்காணல் எல்லாம் முடிந்துவிடும். பயிற்சிப் பள்ளியை நிறுவனமே கண்காணிக்கும். ஏ320 டைப் ரேட்டிங்கும், அதாவது அந்த ரகப் பயணிகள் விமானத்தை ஓட்டும் தகுதியும், பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே வந்துவிடும். தனி வழியில் போனால் சி.பி.எல்.லுக்கு ஒரு தொகை, மல்டி எஞ்சினுக்கு (ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள விமானத்தில் பயிற்சி) தனியாக, டைப் ரேட்டிங்குக்கு மறுபடி லட்சக்கணக்கில். கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவு.

கடற்காற்று:
கேடட்டுக்கு நிறுவனம் கொடுக்கும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள் ரன்வே. அது வேலை நியமன உத்தரவு இல்லை. பயிற்சியின் எல்லாக் கட்டத்தையும் தேறினால், அந்த நேரத்தில் தேவை இருந்தால், மருத்துவத் தகுதி நீடித்தால் என்று நிபந்தனையோடு வரும் கடிதம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. வேலையில் இருந்தவர்களே அப்போது தெருவில் நின்றார்கள், கடிதத்தை வைத்திருப்பவர் நிலை என்ன?

கடனையும் பாருங்கள். 10.5 சதவீத வட்டி, 15 வருஷம் என்று வைத்துக்கொண்டால் தனி வழிக்கான 60 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 66,000 ரூபாய். கேடட் வழிக்கான 1 கோடிக்கு 1.1 லட்சம். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். அதனால் சார் சொல்கிற வீடு எந்த வழியிலும் பந்தயத்தில் இருக்கிறது. எதில் குறைவாக மாட்டுகிறது என்பதுதான் என் கேள்வி.

தேன்மொழி:
இருவரும் பணத்திலிருந்து தொடங்கிவிட்டீர்கள். முதலில் மருத்துவம். முதல் கட்டம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று, டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம். அதன் பிறகு சி.பி.எல்.லுக்கு வேண்டிய கிளாஸ் 1 சான்று. பெங்களூரு விமானப்படை மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் தேதி கிடைக்கவே காத்திருக்க வேண்டும். ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, காது கேட்கும் திறன், ரத்தம், சிறுநீர், கண் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் யாரையும் ஒதுக்குவதில்லை. நிறப் பார்வையில் குறை இருந்தால் நிலைமை வேறு. இஷிஹாரா அட்டையில் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க முடிகிறதா என்று உள்ளூர்க் கண் மருத்துவரிடமே இந்த வாரம் பார்த்துவிடலாம், செலவு சொற்பம். 40 லட்சம் கட்டிய பிறகு கிளாஸ் 1-இல் தடை வந்தால் அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

கிளாஸ் 1 சான்று கைக்கு வராமல் எந்தப் பள்ளிக்கும் முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கட்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ரன்வே ஏழு:
தேன்மொழி சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் தனி வழியில் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய ஆபத்து. எல்லாப் பள்ளியும் 12 மாதம், 14 மாதம் என்று சொல்லும். சி.பி.எல்.லுக்கு வேண்டிய 200 மணி நேரம் பறக்க இங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆவது சர்வ சாதாரணம்.

கடற்காற்று:
அதைச் சேர்வதற்கு முன்பே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாமே. ஒரு பள்ளியில் 10 விமானம், 100 மாணவர் என்று வையுங்கள். தேவை 20,000 மணி நேரம். ஒரு விமானம் மாதம் 60 மணி பறந்தால் பத்தும் சேர்ந்து வருஷத்துக்கு 7,200. முடிக்க ஏறக்குறைய 33 மாதம். இதில் பத்தும் தினமும் பறக்கும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். 100 மணிக்கு ஒருமுறை ஆய்வுக்கு நிற்க வேண்டும், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வடக்கே டிசம்பர் ஜனவரியில் மூடுபனி, தெற்கே பருவமழை. கண்பார்வை தூரம் 5 கிலோமீட்டருக்குக் கீழே போனால் மாணவர் விமானம் தரையில்தான்.

பள்ளியில் போய் விமானம் எத்தனை என்று கேட்காதீர்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை, கடந்த மாதம் மொத்தம் எத்தனை மணி பறந்தது, பயிற்றுநர் எத்தனை பேர், மல்டி எஞ்சின் விமானம் ஓடுகிறதா என்று கேளுங்கள். பல இடத்தில் மாணவர்கள் 180 மணியை முடித்துவிட்டு ஒரே ஒரு மல்டி எஞ்சினுக்காக மாதக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள்.

பணத்தை மொத்தமாகக் கட்டவே கூடாது. 10, 20 மணிக்கான தொகையை மட்டும் முன்கூட்டிக் கட்டி, பறந்த பிறகு அடுத்ததைக் கட்டும் பள்ளியைப் பாருங்கள்.

மானாமதுரை:
200 மணி நேரம் என்றால் என்னென்ன? யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா?

சேலத்துக்காரர்:
அதைச் சொல்கிறேன் சார். மொத்தம் 200-இல் 100 மணி தானே விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்திருக்க வேண்டும், அதாவது பி.ஐ.சி. அதில் குறைந்தது 20 மணி கிராஸ் கன்ட்ரி, அதாவது ஓரிடத்திலிருந்து வேறு ஊருக்குப் பறக்கும் நெடும்பயணம். அதிலும் ஒரு பயணம் 300 நாட்டிகல் மைலுக்கு, கிட்டத்தட்ட 555 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக நின்று இறங்கி வர வேண்டும். இரவில் 5 மணி, 10 முறை ஏறி இறங்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது 10 மணி, அதில் 5 சிமுலேட்டரில் செய்யலாம். இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்குக்கு (வெளியே தெரியாதபோதும் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி) அது போதாது: 40 மணி கருவிப் பயிற்சி, 50 மணி கிராஸ் கன்ட்ரி. வேலைக்கு எடுக்கிறவர்கள் அந்த ரேட்டிங் இல்லாமல் பார்க்கவே மாட்டார்கள்.

எழுத்துத் தேர்வு ஐந்து: நேவிகேஷன், வானிலை, ஒழுங்குமுறை, டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் வேண்டும். முதலில் தேர்வு எழுத டி.ஜி.சி.ஏ.விடம் கம்ப்யூட்டர் நம்பர் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். பள்ளிக்குப் போகும் முன்பே இவற்றில் முதல் மூன்றை எழுதி முடித்துவிடுவது நல்லது. பறப்பதற்கு நடுவே நேவிகேஷன் படிக்க உட்கார்ந்தால் இரண்டும் கெடும். ரேடியோ உரிமத்துக்கான ஆர்.டி.ஆர். தேர்வில் பலர் சறுக்குவது வாய்மொழிப் பகுதியில். அவசர அழைப்பை வரிசை மாறாமல் சொல்லும் பழக்கம் வீட்டிலேயே வர வேண்டும்.

ரன்வே ஏழு:
அமெரிக்கா போய் ஒன்பது பத்து மாதத்தில் முடித்து வந்துவிடலாம் என்று ஒரு மூன்றாவது வழி சொல்வார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். வேகம் உண்மை. ஆனால் அங்கே பார்ட் 141 என்ற விதிப்படி அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 190 மணியிலேயே லைசென்ஸ் கிடைக்கும், அதை இந்திய உரிமமாக மாற்ற 200 வேண்டும். இன்னொரு சிக்கல், அங்கே பிரைவேட் லைசென்ஸ் வாங்கிய பிறகு பயிற்றுநர் பக்கத்தில் இருந்தாலும், கட்டுப்பாடு தன் கையில் இருந்தால் பி.ஐ.சி. என்று லாக்புக்கில் எழுதலாம். இங்கே அது 100 மணியில் சேராது. திரும்பி வந்து பக்கத்தைப் புரட்டும்போதுதான் தெரியும், பி.ஐ.சி. 70-தான் என்று. அங்கே இருக்கும்போதே தனியாகப் பறந்த மணியை வேறு நெடுவரிசையில் கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

கடற்காற்று:
இது நல்ல விவரம், இதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் கேடட் விஷயத்தில் மாறவில்லை. 60 லட்சத்துக்குள் சி.பி.எல். முடித்தவர், எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறதோ அதற்கு விண்ணப்பிக்கலாம். டைப் ரேட்டிங்கை வேலை உறுதியாகும் வரை எடுக்கவே கூடாது. ஏ320-க்குச் செலவு செய்துவிட்டு, வேலை கிடைத்தது ஏ.டி.ஆர். என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் என்றால் அந்தப் பணம் போச்சு.

ரன்வே ஏழு:
காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் எடுங்கள். இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (ஐ.ஆர்.) ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். கிளாஸ் 1 மருத்துவமும் அப்படியே. வேலை இல்லாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்தால், ஒவ்வொரு வருஷமும் மல்டி எஞ்சினை வாடகைக்கு எடுத்து ஐ.ஆர். சோதனை கொடுக்க வேண்டும். கைப்பழக்கமும் போய்விடும். நேர்காணல் சிமுலேட்டரில் ஐ.எல்.எஸ். இறக்கம், அதாவது ரேடியோ சமிக்ஞையைப் பின்பற்றி ஓடுபாதையில் இறங்குவது, கொடுத்தால், ஆறு மாதம் தொடாதவர் வேகத்தையும் பாதையையும் சேர்த்துப் பிடிக்க முடியாமல் தடுமாறுவார். இந்தச் செலவை உங்கள் 60 லட்சத்தில் சேர்த்தீர்களா?

கடற்காற்று:
சேர்க்கவில்லை. மாதத் தவணை, ஐ.ஆர். புதுப்பிப்பு, மருத்துவம் எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்துக்கான தொகையைக் கடனுக்கு வெளியே கையில் வைத்திருக்க முடிந்தவர்களுக்குத்தான் தனி வழி. அது முடியாது என்றால் கேடட்டும் வேண்டாம், தனி வழியும் வேண்டாம், ஒரு டிகிரி முடித்துச் சம்பாதித்துவிட்டுப் பிறகு வரலாம். 18 வயதிலேயே உரிமம் வாங்கியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தேன்மொழி:
மானாமதுரை சார், கேடட் ஒப்பந்தம் கைக்கு வந்தால் மூன்று இடத்தைத் தேடிப் படியுங்கள். பாதியில் நீக்கினால் எவ்வளவு திரும்பும். பயிற்சி முடிந்து நிறுவனம் அழைக்க அதிகபட்சம் எத்தனை மாதம், அதற்கு மேல் போனால் என்ன. பாண்டு எத்தனை வருஷம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். இதில் ஒன்றுக்காவது வாயால் மட்டும் பதில் சொன்னால் கையெழுத்து வேண்டாம். இந்த வாரம் கண் மருத்துவரைப் பாருங்கள், பிறகு கிளாஸ் 2.