'இராடிகேட்', 'எலிமினேட்': ரெண்டுக்கும் 'ஒழிப்பு' தானா?

சேரன்மாதேவி_வாசகர்:
கிராமசபைக்கு ஒரு அறிவிப்பு தமிழாக்கம் பண்ணணும். 'இராடிகேட்' மூணு இடத்துல வருது: குளத்துச் சீமைக்கருவேலம், வயல் கோரை, மலேரியா. கீழ மலேரியாவுக்கே 'எலிமினேட்'னும் போட்டிருக்கு. அகராதி ரெண்டுக்கும் 'ஒழி, நீக்கு'ங்குது. சொல்லோட மூலம் என்ன? பிரிச்சு எழுத வழி உண்டா?

பனையோலை:
ரெண்டும் லத்தீன் வழி வந்ததுதான். 'இராடிகேட்'டுக்குள்ள இருக்கது 'ராடிக்ஸ்', அதாவது வேர். வேரோட வெளிய எடுக்கதுதான் நேர்ப்பொருள். 15ஆம் நூற்றாண்டுலயே இங்கிலீஷுக்கு வந்துட்டு. முள்ளங்கிக்கு உள்ள 'ராடிஷ்' அதே குடும்பம். கணக்குல வர்க்கமூலக் குறிக்கும் 'ராடிகல்'னுதான் பேரு. நாமளும் அங்க 'மூலம்'னுதான சொல்லுதோம்!

'எலிமினேட்'ல இருக்கது 'லீமென்', வாசப்படி. படிக்கு வெளிய தள்ளுறது. தள்ளினவன் திரும்ப வந்து கதவத் தட்டலாம்.

'நிர்மூலம்' அச்சு அசலா 'இராடிகேட்' மாதிரியே கட்டின சொல். ஆனா தமிழ்ல அது தரைமட்டம்ங்கிற பொருளுக்குப் போயிட்டு. அறிவிப்புல போட்டா குளத்தையே இடிக்கப் போறாங்கன்னு நெனச்சுருவாங்க.

குளத்துமடை:
சீமைக்கருவேலத்துக்கு 'அகற்றுதல்'னு மொட்டையா எழுதினா தரையோட வெட்டிட்டுப் போயிருவாங்க. அடிக்கட்டையில மொட்டு இருக்கு. ஒத்தத் தண்டு போன இடத்துல நாலஞ்சு தண்டு கிளம்பும். மண்ணுக்குள்ள ஒரு அடி தோண்டி வேர்த்தலையோட எடுக்கணும். அதனால 'தூரோடு தோண்டி எடுத்தல்'னு போடுங்க. கன்னா இருந்தா மழை பெஞ்ச ஈரத்துல கையாலயே பிடுங்கிரலாம். வேர எடுத்தாலும் கதை முடியாது. ஆடு மாடு நெத்தத் தின்னு சாணி புழுக்கையில விதையப் போடும், அது மண்ணுல வருஷக்கணக்காக் கிடக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னாலயும் புதுக்கன்னப் பிடுங்கணும்னு ஒரு வரி சேருங்க.

கோரைக்கு 'வேரறுத்தல்' தப்பாவே போயிரும். மண்ணுக்குள்ள கிழங்கு கிழங்காச் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். மேல இழுத்தா சங்கிலி அறுந்து, தூங்கிக்கிடந்த கீழ்க்கிழங்கெல்லாம் முளைக்கும். 'கிழங்கோடு களைதல்'தான் சரி. 'களை'ங்கிறது பேரும் அதுதான், வேலையும் அதுதான். இந்த வசதி இங்கிலீஷ்காரனுக்கும் உண்டு, 'வீட்'னு.

வருமுன்காப்போன்:
நோய் விஷயத்துல இந்த ரெண்டு சொல்லையும் மாத்திப் போடக்கூடாது. 'இராடிகேஷன்'னா உலகம் முழுக்க நிரந்தரமா பூஜ்யம், அதுக்கப்புறம் தடுப்பு வேலையே வேண்டாம். அந்த நிலைக்கு வந்தது ரெண்டே நோய்: பெரியம்மை (1980), மாட்டு வெக்கை நோய் (2011). 'எலிமினேஷன்'னா ஒரு நாட்டுல, ஒரு வட்டாரத்துல பரவல் நின்னுட்டு, ஆனா காவல் தொடரணும். போலியோ இல்லைன்னு இந்தியாவுக்கு 2014 மார்ச்ல சான்று கொடுத்தாச்சு, இன்னும் சொட்டு மருந்து ஏன் போடுதோம்? பக்கத்து நாடுகள்ல கிருமி இருக்கு. வாசப்படி உவமை இங்கதான் பொருந்துது.

தொழுநோய்க்கு அளவே வேற. 10,000 பேருக்கு ஒருத்தருக்கும் கீழ போனாலே பொதுச் சுகாதாரப் பிரச்சினை நீங்கிட்டுன்னு கணக்கு. 2005 கடைசியில நாடு அந்த அளவத் தொட்டுட்டு. நோயாளியே இல்லைன்னு அர்த்தமில்ல.

மலேரியாவுல இந்தியா வச்சிருக்கது 2030க்குள்ள எலிமினேஷன். அதனால உங்க மூலத்துல 'இராடிகேட்'னு இருக்கதே பிழை, எழுதினவங்ககிட்ட கேட்டுத் திருத்துங்க. திட்டத்தோட பேர்ல 'ஒழிப்பு'ன்னு இருந்தா மட்டும் கை வைக்காதீங்க.

சேரன்மாதேவி_வாசகர்:
ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. மலேரியாவுக்கு 'நம் ஊரில் பரவாமல் நிறுத்துதல்'னு போடலாமா?

வருமுன்காப்போன்:
போடலாம். அடுத்த வரியிலயே 'நின்ற பின்னும் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்'னு சேத்துருங்க.

பனையோலை:
இங்கிலீஷ் படியும் ஒட்டுறதா இருந்தா 'இராடிகேட்' எழுத்தப் பாருங்க. தொடக்கத்துல 'ஐ' (I) எழுத்தும் ரெண்டு 'ஆர்'ரும் வந்துச்சுன்னா தப்பு. 'ஈ'யும் (E) ஒத்த 'ஆர்'ரும்தான் சரி.