கிழிந்த வெட்சூட்: ஒட்டுவதா, இயற்கை ரப்பருக்கு மாறுவதா?

அலைவிரும்பி: அலைச்சறுக்கின்போது குளிர் தாங்க உடம்போடு ஒட்டி அணியும் என் வெட்சூட்டுக்கு ஐந்து வயது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் நுரையால் ஆனது. முழங்காலில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்துவிட்டது. கடலுக்குக் கெடுதல் குறைவான ஒன்றை வாங்க நினைக்கிறேன். சுண்ணாம்புக்கல் நியோப்ரீன் நல்லது என்கிறார்களே, நம்பலாமா?

உப்புக்காற்று: நம்பாதீர்கள். பெட்ரோலியத்துக்குப் பதில் கல்லில் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, கரியோடு மின் உலையில் உருக்கி, கால்சியம் கார்பைடு ஆக்கி, அதிலிருந்து அசிட்டிலீன் எடுத்து, கடைசியில் வந்து நிற்பது நியோப்ரீனின் மூலப்பொருளான அதே குளோரோப்ரீன். மின்சாரம் எக்கச்சக்கமாகக் குடிக்கும் வேலை. குளோரோப்ரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-லேயே வகைப்படுத்திவிட்டது. லூசியானாவில் அதைத் தயாரித்த ஆலையின் அக்கம்பக்கத்தார் சுத்தமான காற்றுக்காக எத்தனை ஆண்டு போராடினார்கள்! இயற்கை ரப்பருக்கு மாறுங்கள். படகோனியா என்ற உடை நிறுவனம் 2016-லேயே தன் முழு வெட்சூட்களை அதற்கு மாற்றிவிட்டது.

கடலாமை: எனக்கு இதில் உடன்பாடில்லை. படகோனியா சூட்டின் நுரையிலும் 85 சதவீதம்தான் இயற்கை ரப்பர், மீதி செயற்கை. மேலே ஒட்டிய துணி நைலானோ பாலியஸ்டரோதான். காட்டை அழித்து நட்ட ரப்பர் தோட்டமும் உண்டு. ஒரு முழங்கால் ஓட்டைக்காகப் புது சூட்டா? நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். கிழிசலின் இரண்டு உதட்டிலும் நியோப்ரீன் பசையை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். இன்னொரு பூச்சு, மறுபடி அதே பதம், பிறகு சேர்த்து அழுத்துங்கள். என் சூட்டில் இப்படி ஒட்டிய இடம் மூன்று குளிர்காலம் தாங்கியிருக்கிறது.

உப்புக்காற்று: ஓட்டை அடைபடும், சரி. நுரை அமுங்கிப்போய்க் குளிர் ஏறினால் பசை என்ன செய்யும்? அப்புறம், காட்டை அழிக்காத தோட்டத்து ரப்பருக்கு எஃப்எஸ்சி என்ற சர்வதேச வன அமைப்பின் சான்று இருக்கிறது, அதைப் பார்த்து வாங்கலாம். எல்லோரும் பழையதையே ஒட்டிக்கொண்டிருந்தால் மாற்றுப்பொருள் செய்பவர் எப்படிப் பிழைப்பார்?

கடலாமை: அவர் பிழைப்பதற்காக நான் குப்பை சேர்க்க முடியாது. இன்னொன்று, வெயிலையும் ஓசோனையும் இயற்கை ரப்பரைவிட நியோப்ரீன்தான் நன்றாகத் தாங்கும். வெயிலில் தொங்கப்போடும் பழக்கம் உள்ளவர் கையில் புது ரப்பர் எத்தனை நாள் வரும்?

மெழுகுக்கட்டி: சூட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், கால் வழுக்காமல் இருக்க அலைச்சறுக்குப் போர்டுக்குத் தேய்க்கும் மெழுகை மறந்துவிட்டோமே. பெரும்பாலானவை பாரஃபின், அதாவது பெட்ரோலியம். தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் கலந்தது கிடைக்கிறது, நன்றாகவே பிடிக்கிறது. கட்டி தீர்ந்ததும் அடுத்ததை மாற்றி வாங்கலாம், எதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

கடலாமை: அலைவிரும்பி, சூட்டின் தோள்பட்டையை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே வெடிப்பு இல்லையென்றால் ஒட்டுங்கள்.

அலைவிரும்பி: பார்த்தேன். இடது தோளில் மயிரிழை மாதிரி வரிசையாக வெடிப்பு, இழுத்தால் வாய் பிளக்கிறது. முழங்கால் மட்டும் என்றால் இன்றே ஒட்டியிருப்பேன்.

கடலாமை: அப்படியானால் வாங்குங்கள், தடுக்கவில்லை. பழைய சூட்டின் கால் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், புதியதற்கு ஒட்டுப்போட உதவும்.

உப்புக்காற்று: புதியதை நிழலில் காயவிடுங்கள். அந்த ஒரு விஷயத்தில் கடலாமை சொன்னது சரி.