தம்பி தீயில இறங்கக்குள்ள என்ட நெஞ்சு ஏன் அப்பிடி அடிச்ச? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

பாண்டிருப்புப் பொடியன்:
போன வருசம் நம்மட திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயம், தணல் குழியில இறங்கி நடக்கிற சடங்கு. 18 நாள் சடங்கு எப்பிடியெண்டு இஞ்ச ஆருக்கும் சொல்லத் தேவையில்ல. தம்பி காப்புக் கட்டின, நான் கட்டல்ல, கயித்துக்கு வெளிய அம்மாவோட நிண்டன். அவன் மஞ்சள் தண்ணி வடிய வடிய குழி வாசல்ல வந்து நிக்கான், கண் ரெண்டும் என்னைத் தாண்டி எங்கயோ பார்க்குது, அந்த நேரம் என்ட கையில கிடந்த ஸ்மார்ட் வாட்ச் அதிருது, குனிஞ்சு பார்த்தா இதயத் துடிப்பு 148. நான் ஒரு அடி அசையல்ல. அம்மா என்ட மணிக்கட்டைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிட்டு. பக்கத்தில ஒரு வெளியூர் ஆள் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஆறுதலா வீடியோ எடுக்காரு.

அந்த 148 மண்டைக்குள்ளயே நிண்ட. தேடிப் பார்த்தா ஸ்பெயின்ல சான் பெத்ரோ மன்ரிகே எண்டு ஒரு சின்ன ஊர், ஜூன் மாசம் யோவான் திருநாள் ராவு ஆளை முதுகில சுமந்துகொண்டு தணல்ல நடக்கிறாங்க. நடந்தவங்க, பார்த்தவங்கள்ல சிலருக்கு இதயத் துடிப்பை அளந்து 2011ல எழுதியிருக்காங்க. பார்த்துக்கொண்டு நிண்ட சொந்தக்காரர்ர துடிப்பு நடந்தவர்ர துடிப்போட சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கு. சும்மா பார்க்க வந்த ஆக்களுக்கு அப்பிடி இல்ல. வாசிச்சிட்டு அழுதிட்டன்.

மருதமுனை மகள்:
என்ட உம்மா சுனாமியில போன. ரெண்டு மாசம் கழிச்சு சுபஹு நேரம் அடுப்படியில தேத்தண்ணி ஊத்திறன், பின்னால உம்மா நிக்கா. காணல்ல, ஆனா வெத்திலை வாசம் வந்த, நான் கிறுகாமலே ஒரு கோப்பை கூட ஊத்தி வச்சன். டொக்டரிட்ட சொன்னதுக்கு முகத்தைக் கூடப் பார்க்காம குளிசை எழுதித் தந்தாரு. அது இன்னும் எனக்குச் சுடுது. மறுகா கனகாலத்துக்குப் பிறகு தான் தெரிஞ்ச, 1971ல வேல்ஸ்ல ஒரு டொக்டர் புருசன் பொஞ்சாதியை இழந்த 293 பேரிட்டக் கேட்டிருக்காரு, கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்கு மௌத்தானவங்க கிட்ட நிக்கிற மாதிரியோ, கண்ணுக்குத் தெரியிற மாதிரியோ, கதைக்கிறது கேக்கிற மாதிரியோ இருந்திருக்கு, கனபேர் ஆருக்குமே சொல்லல்ல. நானும் அந்த டொக்டருக்குப் பிறகு 11 வருசம் ஆருக்கும் சொல்லல்ல.

வார்ட்டு மிஸ்ஸி:
தங்கச்சி, குளிசை எண்டா உடனே கோவப்படாதீங்க. எங்கட பக்கத்து வளவுப் பிள்ளை, 12 வயசு, ஒரே இடத்தைப் பார்ப்பா, வாயைச் சப்புவா, கை சட்டையைப் பிச்சுக்கொண்டே இருக்கும், மறுகா ஏதோ மணக்குது அம்மன் கூப்பிடுறா எண்டுவா. ஒரு வருசம் வேப்பிலை அடிச்ச. பார்த்தா மூளையில காதுப்பக்கத்து மடல்ல வாற வலிப்பு. மருந்தோட நிண்டிட்டு.
மற்றது தம்பி, உங்கட தம்பிக்கு சீனி வருத்தம் இருக்கா? மரத்தணலும் சாம்பலும் சூட்டை மெதுவாத்தான் கடத்தும், கால் பட்டு எடுக்கிற நேரமும் கொஞ்சம், அதால தான் கனபேருக்கு ஒண்டும் ஆகாம வருது. சீனி கூடினவங்களுக்கு காலில உணர்ச்சி குறைஞ்சிரும், சுட்டாலும் தெரியாது, புண் ஆறவும் ஆறாது. காப்புக் கட்ட முதல் ரத்தம் செக் பண்ணுங்க, உள்ளங்கால்ல வெடிப்பு இருக்கா எண்டு கண்ணாடி வச்சுப் பாருங்க, ஏற்பு ஊசி (டெட்டனஸ்) போட்டு எத்தின வருசம் எண்டும் பாருங்க, கொப்புளம் வந்தா உடைக்க வேணாம், பற்பசை பூச வேணாம், பைப் தண்ணியில 20 நிமிசம் பிடிங்க, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, நாலு நாள் கழிச்சு வராதீங்க.

படுவான்கரை:
மிஸ்ஸி, ஒரு பிள்ளைக்கு வலிப்பு எண்டதுக்காக ஆடுற எல்லாரையும் வார்ட்டுக்குக் கொண்டு போக ஒண்ணா. எங்கட அம்மம்மா வைகாசிச் சடங்கில தெய்வம் ஆடுறவ, மற்ற நாள் வயலுக்குப் போற மனிசி, வலிப்பு ஒண்டும் இல்ல. எனக்கு ஒம்பது வயசு. பனி விழுந்து உடுக்குத் தோல் தொய்ஞ்சு சத்தம் மங்கிட்டு, அடிச்சவர் நிப்பாட்டி நெருப்பில காட்டிச் சூடாக்கப் போனாரு. ஆடிக்கொண்டு நிண்டவ அப்பிடியே மண்ணில இருந்திட்டா, என்னைப் பார்த்து 'மனே, தண்ணி' எண்டா, அது அவட சொந்தக் குரல். உடுக்குத் திரும்ப எழும்பினோடன தோள் ரெண்டும் முதல்ல துடிச்ச, மறுகா தான் ஆள் எழும்பின.

ஒக்ஸ்போர்ட்ல படகு வலிக்கிற பொடியன்மாரைத் தனியவும் சேர்ந்தும் வலிக்க விட்டு, பிறகு பிரஷர் பட்டியைக் கையில இறுக்கிப் பார்த்திருக்காங்க. பட்ட பாடு ஒண்டு தான், ஆனா சேர்ந்து துடுப்புப் போட்ட நாள்ல கூடுதலா நோவைத் தாங்கியிருக்காங்க. அந்த ஆராய்ச்சியைச் செஞ்சவங்கள்ல ஒருத்தரான றொபின் டன்பார் சொல்றது, குரங்குகள் ஒண்டை ஒண்டு பேன் பார்க்கக்குள்ள மூளையில சுரக்கிற, நோவைக் குறைக்கிற எண்டோர்பின் தான் கூட்டத்தைக் கட்டி வச்சிருக்கு, மனிசக் கூட்டம் பெருத்தாப் பிறகு ஒவ்வொருத்தரா பேன் பார்த்துக் காணாது, பாட்டும் ஆட்டமும் சடங்கும் அந்த வேலையை எடுத்துச் செஞ்ச எண்டு. சரி. ஆனா உடுக்கு நிண்டா அம்மன் நிக்கமாட்டா எண்டு சடங்கு நடத்துற எங்கட கட்டாடியாருக்கு எப்பவோ தெரியும், அதுக்குத்தான் எப்பவும் ரெண்டு உடுக்கு வச்சிருப்பாரு. அண்டைக்கு மற்றது கிழிஞ்சிருந்த.

பாண்டிருப்புப் பொடியன்:
மிஸ்ஸி, தம்பிக்கு சீனி பார்த்தம், இல்ல. அம்மாவுக்குத்தான் 190. இந்த முறை வாட்சை அம்மாட கையில கட்டப் போறன், கேட்டன், ஓமெண்டுட்டா.